மணல் வளவில் மரக்கறி

புல்மோட்டை என்றதும் வெளியூரவர்களுக்கு நினைவு வருவது இல்மனைட் மணல்தான். 1957 ஆம் ஆண்டு கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. இன்றும் நமது கடற்கரையின் கறுப்பு மணல் கப்பலேறிப் போகிறது. இல்மனைட்டிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு உலகத்துச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ற் ஆகிறது. ஆனால் அந்த மணலோ, அதற்குச் சற்று உள்ளே நமது வளவுகளில் கிடக்கும் சாதாரண மணலோ, ஒரு கொச்சிக்காய்ச் செடிக்குத் தானாகச் சோறு போடாது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. அடுத்த வருடம் மரக்கறி விலை ஏறியபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் அறிவிக்கப்பட்டது. அது ஜூன் மாதம். தென்மேற்குப் பருவமழை பெய்யும் கொழும்புக்கு அது நல்ல காலம். நமக்கோ கச்சான் காற்று வளவைக் காய்ச்சி எடுக்கும் காலம். எங்கள் தெருவிலும் ஆர்வமாகக் கத்தரியும் வெண்டியும் நட்டார்கள். ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் கருகிவிட்டன. "நம்மட மண்ணுல ஒண்டும் வராது" என்ற பேச்சு அதற்குப் பிறகு இன்னும் உறுதியானது. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. மண்ணுக்கு ஏற்றபடி செய்யவில்லை என்பதுதான் சரி.

மணலின் குணத்தை முதலில் பார்ப்போம். களித் துணிக்கை 0.002 மில்லிமீற்றரிலும் சிறியது. அதன் மேற்பரப்பில் மறையேற்றம் இருப்பதால் பொற்றாசியம், கல்சியம் போன்ற நேரேற்றமுள்ள அயன்களைப் பிடித்து வைத்திருக்கும். மணல் துணிக்கை மிகப் பெரியது. தண்ணீரையும் பிடிக்காது, போசணையையும் பிடிக்காது. மணலில் யூரியாவை அள்ளிப் போட்டால் செடி எடுத்தது போக மீதி தண்ணீரோடு இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றுப் பக்கம் போய்ச் சேரும். புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டியில், நம்முடையதைப் போன்ற மணல் நிலத்தில் பசளை கூடுதலாக இட்டு மரக்கறி செய்த இடங்களில் கிணற்று நீரில் நைத்திரேற்று உயர்ந்திருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே மணல் வளவில் முதல் வேலை பசளை வாங்குவதல்ல. பிடித்து வைத்திருக்கும் பொருள் ஒன்றை மண்ணுக்குள் சேர்க்க வேண்டும். அதற்குச் சேதனப் பொருள் என்று பாடத்தில் பெயர். வீட்டில் அதற்குப் பெயர் குப்பை.

இந்த இடத்தில்தான் நமது பழக்கத்தோடு கொஞ்சம் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. காலையிலும் அஸருக்குப் பிறகும் ஈர்க்குமாற்றால் வளவைக் கூட்டி, வெள்ளை மணல் தெரிய வைத்து, குவித்த இலைகளுக்கு நெருப்பு வைத்தால்தான் நமக்கு வளவு துப்புரவானதாகத் தெரியும். மூத்தம்மாவிடம் இதைப் பேசினால், "பாம்பு பூச்சி வந்தா நீயா பாக்கிற?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எரிக்கும்போது இலையிலிருந்த நைதரசனும் காபனும் புகையாகப் போய்விடுகின்றன. மிஞ்சும் சாம்பலையும் முதல் மழை மணலுக்குள் கழுவிக்கொண்டு போய்விடும். மா, வேம்பு, பலா என்று வருடம் முழுக்க மரங்கள் தந்ததை நாம் புகையாக்கிவிட்டுப் பசளைக் கடைக்குப் போகிறோம். வீட்டு வாசலையும் நடைபாதையையும் தாராளமாகக் கூட்டுங்கள். கூட்டியதை எரிக்காமல், வீட்டை விட்டுத் தள்ளியுள்ள மரங்களின் அடியில் வட்டமாகப் போடுங்கள். தண்டில் முட்டாமல் ஒரு சாண் விட்டுப் போட்டால் தண்டு அழுகாது. ஒரு மாதம் கழித்து அந்த இலையைக் கிளறிப் பாருங்கள், கீழே மணல் ஈரமாக இருக்கும்.

அடுத்தது தென்னம் பொச்சு. தேங்காய் உரிக்காத வீடு நமது ஊரில் இல்லை. உரித்த பொச்சு அடுப்புக்குப் போகும், அல்லது வேலியோரம் கிடக்கும். லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் தென்னைக்குச் சிபாரிசு செய்யும் முறையொன்று உண்டு. மரத்தின் பக்கத்தில் குழி வெட்டி, பொச்சின் உட்பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, மேலே மண் போட்டு, இன்னுமோர் அடுக்கு வைத்து மூடுவது. பொச்சு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பொற்றாசியமும் மெல்ல மெல்ல விடும். வாழை, பப்பாசி, எலுமிச்சைக்கு இரண்டு அடிக் குழியில் இதையே செய்யலாம். மரக்கறிப் பாத்திக்குப் பொச்சைச் சிறிதாக வெட்டிப் போட்டால் போதும். கடல் நீரிலோ களப்பு நீரிலோ ஊறிய பொச்சானால் நன்னீரில் இரண்டு மூன்று தரம் கழுவ வேண்டும். பொச்சு மட்டும் போதாது. அதில் காபன் கூட, நைதரசன் குறைவு. உக்கும்போது செடிக்குரிய நைதரசனையும் அது இழுத்துக்கொள்ளும். ஆட்டுப் புழுக்கையையோ கிளிரிசிடியா இலையையோ சேர்த்துப் போடுங்கள். கிளிரிசிடியா வேலிக்கும் உதவும். ஊர் ஆடு மாடுகளைத் தெரிந்தவர்களுக்கு வேலியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மீன் தலை, செதில், குடலையும் வீசாமல் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் பூனை கிளறாது.

இனித் தண்ணீர். வுழூச் செய்யும் இடத்திலிருந்து ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் இல்லை. ஒருவர் ஒரு நேரத்துக்கு இரண்டு லீற்றர் செலவழித்தாலும், ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து நேரத் தொழுகைக்கு 50 லீற்றர். அதை ஒரு வாய்க்காலால் வாழைக்கும் ரம்பைக்கும் திருப்பிவிடலாம். அரிசி கழுவிய தண்ணீர் கீரைப் பாத்திக்கு. கருவாடு கழுவிய தண்ணீர் எதற்கும் வேண்டாம், உப்பு. கொச்சிக்காய், தக்காளிக்குப் பழைய மண்முட்டியைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைக்கலாம். சீனாவில் 2000 வருடங்களுக்கு முன்பே இருந்த முறை இது. மணலில் ஈரம் பக்கவாட்டில் அதிகம் பரவாததால் செடியை முட்டிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் நட வேண்டும்.

இவ்வளவு சிக்கனம் எதற்கு, மோட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். கடலோரக் கிணறுகளில் நன்னீர், கீழேயுள்ள உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1, கடல் நீரினது 1.025. வித்தியாசம் 0.025. ஒன்றை அதனால் வகுத்தால் 40. அதாவது கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நீர் 40 அடி ஏறி வர வழி பிறக்கிறது. கிணறு ஒருமுறை உவர்த்துவிட்டால் அது இனிக்க எத்தனை மாரி வேண்டுமோ! கத்தரிக்காய் இல்லாமல் ஒரு மாதம் சமாளிக்கலாம், குடிக்கும் தண்ணீர் இல்லாமல் முடியாது. கச்சான் காலத்தில் ஹோஸ் குழாயால் மணலை நனைப்பதை நான் விரும்பாததற்குக் காரணம் இதுதான்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுதும் ஊற வைத்து, வடித்து, மாலையில் தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். மழை நீர் தேங்கிய சிரட்டையில் டெங்கு நுளம்பு வளர ஏழெட்டு நாட்களே போதும்.

நமக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான். ஆகவே நமது வீட்டுத்தோட்டத்தின் நாட்காட்டி செப்டெம்பரில் தொடங்குகிறது. கத்தரி, கொச்சிக்காய் நாற்று அப்போது போடுங்கள். குழிகளையும் அப்போதே பொச்சால் நிரப்பி வையுங்கள். முதல் மழை நன்றாக விழுந்த பிறகு நாற்றைப் பிடுங்கி நடலாம். முருங்கைத் தடி, பசளிக் கொடிக்கும் அதுதான் காலம். வெண்டியையும் பயற்றையையும் விதையாகவே ஊன்றலாம். மாரி முடியுமுன் வெற்றிடமெல்லாம் வற்றாளைக் கொடி நட்டுவிட்டால், கச்சான் வரும்போது அது மணலை மூடிக்கொண்டிருக்கும். கிழங்கு முற்றும் வரை இலையைக் கிள்ளிச் சுண்டலாம்.