சூரிய மின்னேற்றக் கட்டுப்படுத்தியும் வெப்பநிலைத் திருத்தமும்

36 கலங்கள் கொண்ட சூரியப் பலகை, சுமையற்ற நிலையில் ஏறத்தாழ 21 வோல்ட் மின்னழுத்தம் தரும். இதனை 12 வோல்ட் ஈய-அமில மின்கல அடுக்குடன் நேரடியாக இணைப்பின், மின்னேற்றம் நிறைந்த பின்னரும் மின்னோட்டம் தொடரும். நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து குறையும். நேர்மின் தட்டுகள் அரிக்கப்படும்.

மின்னேற்றக் கட்டுப்படுத்தி இதனை மூன்று நிலைகளில் ஒழுங்குபடுத்துகிறது. முதலில், கிடைக்கும் மின்னோட்டம் முழுவதையும் செலுத்துகிறது. மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டை எட்டியதும் அதனை அவ்வளவிலேயே நிலைநிறுத்த, மின்னோட்டம் படிப்படியாகக் குறைகிறது. இறுதியில் ஏறத்தாழ 13.6 வோல்ட்டில் நிறைவைப் பேணுகிறது.

இவ்வளவுகள் 25 பாகை செல்சியசுக்கு உரியவை. வெப்பம் ஒரு பாகை உயர, கலம் ஒன்றுக்கு 4 மில்லிவோல்ட் குறைப்பதாகக் கொண்டால், ஆறு கல அடுக்கிற்கு 40 பாகையில் மேல் எல்லை 14.04 வோல்ட்டாகும். வெப்பநிலைத் திருத்தம் இல்லாத கட்டுப்படுத்தி, வெப்பமிகு இடங்களில், தான் காக்க வேண்டிய மின்கல அடுக்கின் ஆயுளையே மிகைமின்னேற்றத்தால் குறைத்துவிடும்.