அறிவிப்பும் செய்தியும்

சாரல் காலத்தில் குற்றால அருவிகளில் நீர் பெருகினால், குளிக்கத் தடை விதிக்கப்பட்டதாக அரசு தெரிவிக்கும். அஃது அறிவிப்பு. எச்சரிக்கை உரிய நேரத்தில் மக்களைச் சென்றடைந்ததா என ஆராய்ந்து வெளியிடுவது செய்தி. இவ்விரண்டையும் பிரித்தறியத் தமிழக இதழியலுக்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

சென்னையின் முதல் செய்தித்தாளான 'மெட்ராஸ் கூரியர்' 1785இல் தொடங்கப்பட்டது. அதனை நடத்திய ரிச்சர்டு ஜான்ஸ்டன் அரசின் அச்சாளர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்பைப் பெற்ற அவ்விதழ், அரசின் அறிவிப்புகளைத் தாங்கி வந்தது. ஒப்புதலின்றி 1795இல் 'இந்தியா ஹெரால்டு' இதழைத் தொடங்கிய ஹம்ப்ரிஸ் கைதுசெய்யப்பட்டார். அச்சிடுமுன் அரசின் பார்வைக்கு அனுப்பவேண்டும் என்னும் முன்தணிக்கையும் அவ்வாண்டிலேயே சென்னையில் நடைமுறைக்கு வந்தது.

பின்னர் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. அரசு தன் ஆணைகளுக்கெனத் தனி அரசிதழை வெளியிடத் தொடங்கியது. 1835இல் சார்லஸ் மெட்கால்ஃப் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம், உரிமம் பெறும் கட்டாயத்தை நீக்கியது. வெளியிடுவோர் தம் பெயரையும் இடத்தையும் பதிவுசெய்தால் போதுமானதாயிற்று.

இவ்வாறு கிடைத்த வெளியில் இந்தியர் இதழ்கள் முளைத்தன. முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் பழித்தன. அதற்கு மறுமொழி கூற, 1878இல் இளைஞர் அறுவர் 'தி இந்து' இதழைத் தொடங்கினர். முதல் இதழின் 80 படிகளை அச்சிட அவர்கள் கடன் பெற்ற தொகை ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா. அவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தமிழில் 'சுதேசமித்திரன்' இதழை நிறுவினார்.

பெற்ற உரிமை நிலைத்துவிடவில்லை. 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்த பாரதியார், 1906இல் 'இந்தியா' வார இதழின் பொறுப்பை ஏற்றார். அடக்குமுறையால் 1908இல் அவர் புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவந்தது. ஆங்கிலேய அரசு அதனைத் தன் ஆட்சிப் பகுதிக்குள் வரவிடாது தடுத்தமையால் 1910இல் இதழ் நின்றது. 1918இல் தமிழகம் திரும்பும் வழியில் கடலூரில் கைதான அவர், அரசியல் எழுத்துக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டே விடுதலையானார். அதன்பின் அவர் வாழ்ந்த ஊர், இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள கடையம். 1795இல் இதழ்கள்மீது விழுந்த பிடி, ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின்னும் ஓர் எழுத்தாளர்மீது விழுந்தது. கட்டுப்பாடு நீங்கியபின் 1920இல் அவர் மீண்டும் சுதேசமித்திரனில் பணியேற்றார்.

இன்று இதழ் நடத்த அரசின் முன்தணிக்கை தேவையில்லை. எனினும், அரசின் செய்திக்குறிப்பை வினவாமல் அப்படியே அச்சிடும் ஏடு, பழைய கூரியரின் இடத்திற்கே திரும்புகிறது. அருவிக்கரையில் தடைப்பலகை இருப்பதைச் சொல்வதோடு நில்லாமல், அது எப்போது வைக்கப்பட்டது எனவும் கேட்கும் இதழே மக்களுக்குரிய இதழாகும்.