மரபணு போனால் எல்லாம் போச்சா?

வட்டுக்கோட்டையில் ஒருவருக்குப் பெருங்குடலில் புற்று வந்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அந்தத் துண்டை வெட்டி எடுத்தால், மேற்கொண்டு சிகிச்சைக்குப் பெரும்பாலும் தெல்லிப்பழைக்குத்தான் போக வேண்டும். கையில் ஆங்கிலத்தில் அடித்த பத்தோலொஜி ரிப்போட் இருக்கும். வீட்டாருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஆள் தப்புமா? புற்றின் மரபணுக்களைப் பார்த்தால் அதைச் சொல்லிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதி சரி. 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்து, பின்பு மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த வைத்தியர் கிறீனின் மண் இது. மற்றப் பாதியையும் இங்கே தமிழில் விளக்கிச் சொல்லத்தான் வேண்டும்.

கலங்கள் கண்டபடி பெருகாமல் அடக்கி வைக்கும் மரபணுக்கள் நம் உடலில் உண்டு. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள். இரண்டும் பழுதானால்தான் காவல் போகும் என்ற கருத்தை 1971இல் அல்பிரட் நட்சன் முன்வைத்தார். குடலில் முளைக்கும் சிறு கட்டி புற்றாக மாறும் வழியில் 5, 17, 18ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் தொலைந்துபோவதை 1988இல் அமெரிக்காவில் வோகல்ஸ்ரைன் குழுவினர் காட்டினர். 1994இல் வந்த ஆய்வு இன்னும் பேசப்பட்டது. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத இரண்டாம் நிலைப் புற்றில், 18ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட புயம் தொலையாதவர்களில் 93 வீதத்தினர் ஐந்து ஆண்டு தாண்டினர். தொலைந்தவர்களில் 54 வீதத்தினரே.

இதைப் பார்த்தால் மரபணு இழப்பே தலைவிதி என்று தோன்றும். ஆனால் பின்வந்த பெரிய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. மரபணுப் பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1 போன்ற மரபணுக்கள் செயலிழந்தவை பெருங்குடல் புற்றுகளில் சுமார் 15 வீதம். அவற்றில் 18ஆம் நிறமூர்த்த இழப்பு அரிது. இந்தப் புற்றுகள் இரண்டாம் நிலையில் திரும்ப வருவது குறைவு. அவற்றைப் பிரித்துவிட்டுக் கணக்குப் பார்த்தபோது பழைய அடையாளம் பலமிழந்தது. ஒரு காவல் மரபணு போனதே நல்ல அறிகுறியாவதும் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆகவே, சிகிச்சையை மாற்றும் இழப்பைத்தான் தேடிப் பார்க்க வேண்டும் என்பேன்.

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சோதனை என்பார்கள். மருந்தைப் பொறுத்தவரை அது உண்மை: திருத்தும் மரபணு செயலிழந்து, பரவியும்விட்ட புற்றில் பெம்புரொலிசுமாப் கீமோவைவிட நன்றாக வேலை செய்வதை 2020இல் வந்த ஆய்வு காட்டியது, அதன் விலையோ எட்டாதது. ஆனால் சோதனை அப்படியல்ல. ஏற்கெனவே மெழுகில் பதித்து வைத்த திசுவிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, திருத்தும் மரபணுக்கள் உருவாக்கும் நான்கு புரதங்களுக்குச் சாயமிட்டுப் பார்ப்பதுதான். இரண்டாம் நிலை நோயாளிக்குப் பயன் தராத கீமோவை இதனால் தவிர்க்கலாம். நோயின் நிலை தெரிந்தால் போதாதா என்றால், நிலைதான் முதலில், சந்தேகமே இல்லை. குறைந்தது 12 கணுக்களாவது பார்க்கப்படாவிட்டால் அந்த நிலையையே முழுதாக நம்ப முடியாது. எத்தனை கணு பார்த்தார்கள் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எம்எல்எச்1 இல்லை என்று வந்தவுடன் குடும்பத்தைக் கலவரப்படுத்தவும் தேவையில்லை. வயதானவர்களின் கட்டியில் அந்த மரபணு பெரும்பாலும் தானாக அடங்கிவிடுகிறது. பரம்பரையாக வந்ததா என்பதை அடுத்த சோதனை பிரித்துச் சொல்லும். பரம்பரைதான் என்றால், சகோதரங்களும் பிள்ளைகளும் தங்களுக்கும் அது இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இருப்பவர்கள் இள வயதிலேயே கொலனோஸ்கோபி தொடங்கினால், புற்றாகுமுன் கட்டியை அகற்றிவிடலாம்.