தரம் பிரித்தால் மட்டும் போதாது

புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் பழங்களைப் பருமனும் நிறமும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். பிரித்தால் விலை தெரியும், பழம் மாறாது. நல்ல காய்ப்புக்குத் தோட்டத்தில்தான் தண்ணீரும் உரமும் கவனிக்க வேண்டும். மென்பொருளும் அப்படியே. எல்லாம் எழுதி முடித்து, ரிலீசுக்கு முந்தைய வாரம் டெஸ்டிங்கில் பிழை பொறுக்கினால் பட்டியல்தான் நீளும். பிழை பிறக்கும் இடத்தைத் திருத்துவதே வழி. இந்தப் பாடத்தை உலகம் கற்ற கதை, தென்காசி மாவட்டத்தில் கணினி படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்து படிகள்

1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ராணுவக் கூட்டமைப்பின் ஆதரவில் மென்பொருள் வல்லுநர்கள் கூடினார்கள். மென்பொருள் வேலைகள் குறித்த நாளில் முடியாததும், செலவு கைமீறியதும், முடிந்தவை பழுதாக இருந்ததும் அங்கே பெரும் கவலையாகப் பேசப்பட்டன. விடை தேடியவர்களில் முக்கியமானவர் வாட்ஸ் ஹம்ப்ரி. ஐபிஎம்மில் நெடுங்காலம் பணியாற்றியவர், 1986-இல் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு நிறுவனத்தின் வேலைமுறை எவ்வளவு முதிர்ந்தது என்று அளக்க அங்கே உருவான சி.எம்.எம். என்ற அளவுகோல் 1991-இல் வெளியானது.

அதில் ஐந்து படிகள். முதல் படியில் எல்லாமே ஓரிருவரின் திறமையில் ஓடும். அவர்கள் வேலையை விட்டுப் போனால் கதை முடிந்தது. இரண்டாம் படியில் திட்டமும் கண்காணிப்பும் வரும். மூன்றில் நிறுவனம் முழுமைக்குமான முறை எழுத்தில் இருக்கும். நான்கில் பிழைகளையும் நேரத்தையும் அளப்பார்கள். ஐந்தாம் படியில் அந்த அளவுகளை வைத்து முறையையே திருத்திக்கொண்டிருப்பார்கள்.

இந்தியா இதை இறுகப் பிடித்துக்கொண்டது. 1990-களிலேயே மோட்டோரோலாவின் பெங்களூரு மையம் ஐந்தாம் படியைத் தொட்டது. விப்ரோ போன்ற நிறுவனங்கள் தொடர்ந்தன. கடல் கடந்த கிளையன்ட்டுக்கு முகம் தெரியாத நிறுவனத்தின் மேல் நம்பிக்கை வர ஐந்தாம் படிச் சான்று உதவியது. ஆனால் ஆடிட் வரும் வாரத்தில் மட்டும் கோப்புகளை நிரப்பினால் ஐந்தாம் படியும் வெறும் காகிதம்தான். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 பேர், ஆவணத்தைவிட ஓடும் மென்பொருளும் ஆட்களின் கூட்டுறவும் பெரிது என்று அறிவித்தார்கள். அஜைல் என்ற இந்த வழி அங்கிருந்து பரவியது.

யார் தப்பு?

முறையில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகுமுன் சிதறியது. ஏரியன் 4-க்கு எழுதிய நிரல்பகுதி அப்படியே புதியதில் சேர்க்கப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டின் வேகத்தில் வந்த ஓர் எண், அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. விசாரணைக் குழு ஒரு புரோகிராமரின் தலையில் பழியைப் போடவில்லை. புதிய ராக்கெட்டின் பறக்கும் பாதைத் தரவோடு ஏன் சோதிக்கவில்லை, அத்தனை ரிவ்யூக்களிலும் இது ஏன் தப்பியது என்று கேட்டது. எந்த அலுவலகத்திலும் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. “யார் தப்பு?” என்று கத்தும் இடத்தில் பிழைகளை மறைப்பார்கள், மறைத்த பிழையை யாராலும் திருத்த முடியாது.

மத்தளம்பாறை சொல்வது

புளியங்குடியிலிருந்து கடையநல்லூர், தென்காசி தாண்டினால் மத்தளம்பாறை. ஶ்ரீதர் வேம்புவின் சோகோ நிறுவனம் 2011-இல் அங்கே அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான சோகோ டெஸ்க் மென்பொருளின் உருவாக்கத்தில் அந்தக் கிராமத்துக்குப் பெரும் பங்குண்டு. பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் சோகோ பள்ளியும் அங்கே நடக்கிறது. பட்டம் இல்லாத பிள்ளையும் உலகம் பயன்படுத்தும் மென்பொருளை எழுத முடிகிறது என்றால், கற்றுத்தரும் முறையும் கூடவே அமர்ந்து திருத்தும் மூத்தவர்களும் இருப்பதால்தான்.

நம் வட்டாரத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் தொடங்கினாலும் இப்படி வேலை செய்வது சாத்தியம். ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்க்காமல் வெளியே விடக்கூடாது. வந்த ஒவ்வொரு பிழைக்கும் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை உட்கார்ந்து, அந்தக் காரணங்களில் ஒன்றையாவது அடியோடு நீக்க வேண்டும். முறையை மாற்றும் உரிமை, வேலை செய்கிறவர் கையில் இருக்க வேண்டும். பெரிய கட்டடமும் சான்றிதழும் பிறகு வரட்டும். இந்தப் பழக்கத்தை நாளைக்கே தொடங்கலாம்.