பல வண்ண உல்லன் நூலில் குல்லா: திட்டு விழாமல் பின்னுவது எப்படி?



மார்கழி பிறந்தால் மயிலாப்பூர் மாட வீதிகளில் விடியுமுன்னே பஜனை கோஷ்டி கிளம்பிவிடும். சென்னையில் அப்போது அதிகாலைக் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் பெரியவர்கள் காதை மூடும் குல்லா இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டார்கள். குல்லா பின்னத் தெரிந்த நமக்கு இது நல்ல விற்பனைக் காலம்.

நம் கூட்டமைப்பில் ஒரு குழு, பல வண்ண நூலில் 20 குல்லா பின்னி தி.நகரில் ஒரு கடைக்குக் கொடுத்தது. அதில் 7 திரும்பி வந்துவிட்டது. "ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம், கறை பட்ட மாதிரி இருக்கும்மா" என்று சொல்லிவிட்டார்கள். பின்னலில் குறையே இல்லை. நூலின் குணம் தெரியாததுதான் காரணம்.

திட்டு ஏன் விழுகிறது?

இந்த நூலில் நிறங்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். சிவப்பு ஒரு முழம், மஞ்சள் ஒரு முழம், நீலம் ஒரு முழம் என்று வைத்துக்கொள்வோம். பின்னல் ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நூலும், இந்த நிறச் சுற்றும் ஒரே நீளமாக அமைந்துவிட்டால், சிவப்பு மேல் சிவப்பே வந்து உட்காரும். அதுதான் திட்டு. உச்சிக்குப் போகப் போகக் கண்ணி குறைவதால், கீழே அழகாக வந்த நிறம் மேலே வேறு மாதிரி ஆவதும் இதனால்தான்.

என்ன செய்யலாம்?

1. முதலில் 30 கண்ணி போட்டு ஒரு துண்டு பின்னுங்கள். நடுவில் 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 18 வந்தால், 56 செ.மீ. தலைக்கு 92 கண்ணி போதும். குல்லா 51 செ.மீ. வரும், பின்னல் இழுபட்டுத் தலையில் கச்சிதமாக நிற்கும்.

2. சின்னத் துண்டைப் பார்த்து நிறத்தை முடிவு பண்ணாதீங்க. குல்லாவையே நாலு விரற்கடை பின்னிப் பாருங்க. திட்டு தெரிந்தால் பிரித்துவிட்டு, 4 கண்ணி கூட்டியோ குறைத்தோ போடுங்க. அப்போதே பிரித்தால் அரை மணி நேரம்தான் நஷ்டம்.

3. இன்னும் நம்பகமான வழி: இரண்டு உருண்டை வைத்து, இரண்டு வரிசைக்கு ஒரு முறை மாற்றி மாற்றிப் பின்னுவது. இரண்டாவது உருண்டையை வேறு நிறத்தில் ஆரம்பிக்கணும். ஓரத்தில் நூலை இறுக்கி இழுக்கக் கூடாது.

4. உச்சியையும் விளிம்பையும் ஒற்றை நிற நூலில் பின்னினால் பார்வையாக இருக்கும்.

5. ஒரு ஆர்டருக்கு வேண்டிய நூலை லேபிளில் ஒரே லாட் நம்பர் பார்த்து மொத்தமாக வாங்குங்கள். ஈர வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் போகிறதா என்றும் பாருங்கள்.

விலை சொல்லும்போது

நூல் விலையை மட்டும் கணக்குப் போடாதீங்க. உதாரணமாக, நூல் 90 ரூபாய், 5 மணி நேர வேலைக்கு மணிக்கு 40 வீதம் 200, பஸ் செலவு, கவர் 10 என்றால் அடக்கமே 300 ரூபாய். அதற்குக் கீழே விற்றால் உங்கள் உழைப்பை இனாமாகக் கொடுத்த கதைதான்.

வீட்டில் இருந்தபடி பின்னுவது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற பெண்கள் குழு, பலர் தனித்தனியே பின்னிய துண்டுகளை இணைத்து, 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கி கின்னஸ் சாதனை படைத்தது. அவர்கள் கையிலும் ஊசி நூல்தான்.

ஐப்பசியிலேயே பின்ன ஆரம்பித்தால்தான் மார்கழிக்குக் கடைக்குப் போய்ச் சேரும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு மாதிரிக் குல்லா கொண்டு வாருங்கள். எது திட்டு, எது அழகு என்று எல்லோரும் சேர்ந்தே பார்த்துவிடலாம்!