அரசின் வரவு செலவுத் திட்டமும் நம் கல்லாப்பெட்டியும்



ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் நிதியமைச்சர் வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கும்போது, நம்மில் பலர் 'வரி ஏறியதா, இறங்கியதா' என்று மட்டும் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறோம். சமூக நலத்துக்கு ஒதுக்கிய பக்கங்களைப் புரட்டுவதில்லை. அது நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்ற எண்ணம். உண்மையில் மளிகை வியாபாரிக்கு மிக நெருங்கிய பக்கங்கள் அவைதான்.

முதலில் வரவைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் 2025-26ஆம் ஆண்டுத் திட்டத்தில் மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். இதில் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் 2,20,895 கோடி. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. இதில் பெரும்பகுதி கடைகள் வழியாக வசூலாகும் வரிதான். இது இன்று நேற்று வந்ததல்ல. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி அரசு, கள், சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. அது 2007இல் மதிப்புக் கூட்டு வரியாகவும், 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி.யாகவும் மாறியது. பெயர் மாறினாலும் வசூலித்துக் கட்டும் கை நம்முடையதே.

இனி செலவு. அதே ஆண்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி, மக்கள் நல்வாழ்வுக்கு 21,906 கோடி, மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி ஒதுக்கப்பட்டது. வருவாய்ச் செலவு மொத்தம் 3,73,204 கோடி. வரவைக் கழித்தால் 41,635 கோடி துண்டு விழுகிறது. இதையே வருவாய்ப் பற்றாக்குறை என்கிறார்கள். கடைச் செலவுக்கே கைமாற்று வாங்குவது போன்றது இது. நெடுநாள் இப்படி ஓடினால், ஒன்று வரி கூடும், அல்லது பட்டியல் பணம் தாமதமாகும். இரண்டுமே நம்மைத் தொடும்.

நலத் திட்டங்கள் நம் வியாபாரத்தைத் தொடும் வழி இரண்டு. ஒன்று, பணமாகப் போவது. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய். மேலே சொன்ன 13,807 கோடியைப் பன்னிரண்டு மாதத்துக்கு வகுத்தால் மாதம் சுமார் 1,150 கோடி. இதில் ஒரு பகுதி சில நாட்களுக்குள் மளிகைக் கடைக்கு வந்து சேருகிறது. பழைய பாக்கி தீர்கிறது, பருப்பும் எண்ணெயும் நகர்கின்றன. முதியோர் ஓய்வூதியம் 2023இல் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்ததும் இந்த வகைதான். கிராமத்துப் பெட்டிக்கடைக்காரரைக் கேட்டால் இதன் அருமையைச் சொல்வார்.

இரண்டாவது, பொருளாகப் போவது. 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத்தில் துவரம்பருப்பு, பாமாயில் தருகிறார்கள். 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் இந்த வகையே. ரேஷனில் பருப்பு வந்த வாரம் நம் கடையில் பருப்பு தேங்கும். ரேஷன் தாமதமானால் நம்மிடம் கூட்டம் வரும். இதில் குறைப்பட ஒன்றுமில்லை. ஏழை வீட்டில் அரிசிச் செலவு மிச்சமானால், அந்தப் பணம் புளி, மிளகாய், சோப்பு என்று நம்மிடமே வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒதுக்கீடு வேறு, கைக்கு வரும் பணம் வேறு. அரசுப் புத்தகத்தில் ஒரு தலைப்புக்கு மூன்று வகைத் தொகை இருக்கும்: வரவு செலவு மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, முடிந்த ஆண்டின் கணக்கு. முதலாவது ஆசை, இரண்டாவது நிலவரம், மூன்றாவதுதான் ஐந்தொகை. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தலைப்புச் செய்தியை நம்பி மூட்டை இறக்கக் கூடாது.

இதை நாம் பட்டுத்தான் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு விடுதிக்குப் பருப்பும் எண்ணெயும் கடனுக்குப் போட்டோம். 'இந்த ஆண்டு ஒதுக்கீடு கூடியிருக்கிறது, பணத்துக்குப் பயமில்லை' என்று பத்திரிகைச் செய்தியைக் காட்டினார்கள். நாமும் நம்பினோம். ஒதுக்கீடு கூடியது உண்மை. அந்த விடுதியின் பெயருக்குப் பணம் விடுவிக்கப்படவில்லை. மார்ச் 31 கடந்ததும் பட்டியல் அடுத்த ஆண்டுக்குப் போயிற்று. எட்டு மாதம் கழித்துப் பணம் வந்தது. அதுவரை நாம் ஆலைக்காரருக்கு வட்டி கட்டினோம். வந்த லாபம் வட்டிக்கே சரியாகப் போயிற்று.

சிறு தொழில் சட்டத்தின் 45 நாள் பாதுகாப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2021 ஜூலையில் மொத்த, சில்லரை வியாபாரிகளையும் அந்த வகைப்பாட்டில் சேர்த்தார்கள். ஆனால் வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே சேர்த்தார்கள். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவை தருவோருக்கும்தான். ஆகவே நாமே நம்மைக் காத்துக்கொள்ள வேண்டும்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை இவை. அரசு சார்ந்த இடத்துக்குச் சரக்குப் போடுமுன் எழுத்தில் ஆணை வாங்குங்கள். ஒதுக்கீட்டைக் கேட்காமல், பணம் விடுவித்த உத்தரவைக் கேளுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரிய கடன் வேண்டாம்; போட்ட சரக்குக்குப் பட்டியலை அன்றே கொடுத்து ஒப்புகை பெறுங்கள். உதவித்தொகை வரும் தேதியைக் குறித்து வைத்து, அதற்கு இரண்டு நாள் முன்பாகச் சிறு பொட்டலங்களைக் கட்டித் தயாராக வையுங்கள்.

வரியை வசூலித்துக் கொடுப்பவர்கள் நாம். அந்தப் பணம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தட்டுக்கும், முதியவரின் கைக்கும் போகிறது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அது ஒழுங்காகப் போகிறதா என்று கேட்கும் உரிமையும் உண்டு. அடுத்த முறை வரவு செலவுத் திட்டம் வரும்போது, வரிப் பக்கத்தோடு நிறுத்தாமல் செலவுப் பக்கத்தையும் படிப்போம். நம் பேரேட்டை எப்படிப் பார்க்கிறோமோ, அப்படியே பார்ப்போம்.