கரையோரத் தொழில் – 7: பத்திரத்தில் இருக்கிறது, தரையில் இருக்கிறதா?

பாழாய்க் கிடக்கும் கடற்கரைக் குடில்கள் விலைக்கு வந்தால், முதன்முதலாகத் தொழிலில் இறங்குபவரின் கண் கூரைக்குத்தான் போகும். "கீத்து மாத்தி, பெயின்ட் அடிச்சா சீசனுக்கு ரெடி சார்" என்று தரகரும் அங்கேதான் கை காட்டுவார். புதுச்சேரிக்கு வடக்கே ஒட்டியிருக்கும் கோட்டக்குப்பத்தில் கூரை கடைசிக் கவலை. பத்திரத்தில் எழுதிய நிலம் முழுதும் இன்னும் தரையாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

கேலி இல்லை. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கல் தடுப்புகள் கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டிருக்கும். தடுப்புக்குத் தெற்கே மணல் தேங்கியது. வடக்கே நகரக் கடற்கரை காணாமல் போய், கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராக ஏறியது. ஒரு குப்பத்தில் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டால் அங்கே மணல் ஒதுங்கும். அதற்கு வடக்கே இருப்பவர்கள் அடி வாங்குவார்கள்.

எனவே மனை பார்க்கப் போகிறவர் அதன் தெற்கே என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும். கடலோரத் தென்னையின் வேர் வெளியே தொங்குகிறதா என்றும் பார்க்கட்டும். சர்வேயரை வைத்துப் புலப்படத்தோடு அளக்காமல் கொடுக்கும் முன்பணம் கடலில் கரைத்த பெருங்காயம்.

அடுத்தது அனுமதி. கிராமப்புறக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்றது 1991 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை. மக்கள் நெருக்கமான ஊரகப் பகுதிகளுக்கு 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. நகரப் பகுதிக்கு விதியே வேறு. பேரூராட்சியாக இருந்த கோட்டக்குப்பம் 2021இல் நகராட்சியானது. நீங்கள் வாங்கும் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்பதைக் கடலோர மண்டல வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். "இருபது வருஷமா யாரும் கேக்கலை" என்பார் விற்பவர். இடிந்ததைத் திரும்பக் கட்டும்போதுதான் கேட்பார்கள்.

இன்னொன்றைத் தரகர் சொல்லமாட்டார். விருந்தாளி அறை பிடிப்பது பாண்டிச்சேரி என்று நினைத்து. ஆனால் புதுச்சேரியின் வட எல்லையான முத்தியால்பேட்டையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். அவர் பையில் வரும் புதுச்சேரி பாட்டில் இந்தப் பக்கம் வழக்கு. வார இறுதிக் கூட்டத்தை நம்பி வருமானக் கணக்குப் போடுகிறவர்கள் இதையும் கழித்துவிட்டுப் போட வேண்டும்.

பிறகு பத்திரச் செலவு: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், அதில் 1 சதவீதத்தை வருமான வரிக்காக வாங்குபவரே பிடித்துக் கட்ட வேண்டும். "ஓடுற பிசினஸோட தர்றேன்" என்று விலை ஏற்றினால் மூன்று வருட ஜிஎஸ்டி கணக்கைக் கேளுங்கள். தயங்கினால் மண்ணுக்கு மட்டும் விலை பேசுங்கள். குடில்களுக்குப் பைசா வேண்டாம். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் இரண்டு புயலும் புதுச்சேரியை ஒட்டித்தான் கரையேறின. அந்தக் கூரைகள் அப்போது என்ன ஆயின என்று பக்கத்து மீனவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

கிணற்றில் உப்பு ஏறியிருந்தால் என்ன செய்வது? அடுத்த வாரம்.

(தொடரும்)